ராகி டிரம்முக்குள் சன்னல் போன்

கரடியூர் வெண்ணிலா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் போனாலும் உட்கார இடம் கிடைக்காது. கட்டில் மேல் லேப்டாப் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பாயில் போன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். பக்கத்தில் டேப்லெட், பவர் பேங்க், கரகரவென்று பாடும் ஸ்பீக்கர், உயிர்போன ஹெட்செட்டிலிருந்து உருவிய ஒயர்கள். நடுவில் வெண்ணிலா காலை நீட்டி உட்கார்ந்து, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றின் முகத்தையும் துடைத்துக்கொண்டிருப்பாள். சார்ஜ் இறங்கியதற்குச் சார்ஜ் போடுவாள். அப்டேட் கேட்பதற்கு அப்டேட் கொடுப்பாள். அடைத்துக் கிடப்பதில் வேண்டாத படங்களை அழித்து இடம் பண்ணிக்கொடுப்பாள். என்ன இது என்று கேட்டால், வாரத்துக்கு ஒருநாள் நாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதில்லையா, அதுகளையும் பார்க்க வேண்டாமா என்பாள்.

இதைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் ஊரில் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டுப் போன்கள் இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். இந்த மலையில் பனிமூட்டம் வாசலோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளேயே வந்து குடியிருக்கும். அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவைக்கே பூசணம் பிடிக்கும்போது, போன் கேமராவை மட்டும் அது பாவம் பார்த்து விட்டுவிடுமா? அதனால் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சின்ன குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டு, அந்தக் கதகதப்பில்தான் தன் சாமான்களை வெண்ணிலா வைத்திருந்தாள். தன் கம்பளிக்குக்கூட இந்த யோகம் இல்லை என்று அவள் கணவன் மாதேஷ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொல்வான்.

மாதேஷ் நல்ல மனுஷன். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மேட்டில் ராகி என்று பாடுபடுகிறவன். பட்டன் போனைத் தாண்டி அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை, பிடிபட வேண்டும் என்று அவன் முயன்றதும் இல்லை. வெண்ணிலா சேலத்தில் தமிழ் படித்து, பி.எட். முடித்து, கல்யாணமாகி மலையேறியவள். கொரோனா காலத்தில் மகள் கவிப்பிரியாவுக்குப் பாடமெல்லாம் போனில் நடந்தபோதுதான் இந்த வேலை அவள் கையில் ஒட்டியது. திரை விரிசல் விட்டது, பேட்டரி உப்பியது என்று அக்கம்பக்கத்தார் தூக்கிப்போட்ட போன்களை வாங்கி வந்து, ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் நவாஸிடம் கொண்டுபோவாள். அவன் கழற்றுவதைப் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். அடுத்த தடவை பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு, மீதிக்கு மட்டும் போவாள். இந்த அக்கா இன்னும் நாலு தடவை வந்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று நவாஸ் சிரிப்பான். ஆனாலும் அவளுடைய பழைய லேப்டாப்புக்குப் புது டிஸ்க் போட்டு, ஆமை மாதிரி நகர்ந்ததை ஓடவைத்தது அவன்தான்.

கவிப்பிரியா நர்சிங் படிக்கக் கோயமுத்தூர் போனபிறகு வீட்டுச் செலவுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. வெண்ணிலாவுக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, சேலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பொங்கல் கழிந்ததும் தமிழ் டீச்சராகச் சேரலாம். ஆனால் விடுதிப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்க வேண்டும். மாதத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வரலாம். இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி மையம். வீட்டிலிருந்தே வேலை. அவர்கள் ஒரேயொரு சோதனை வகுப்பு கொடுத்திருந்தார்கள், சனிக்கிழமை சாயங்காலம். பிடித்திருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பள்ளிக்கூடத்தாரோ திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

சேலம் பக்கம்தானே, கண்காணாத தேசமா என்று சொன்னவர்களுக்கு என்ன தெரியும்? வெண்ணிலாவுக்குப் போக மனசே இல்லை. மாதேஷிடம் கேட்டால், "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இந்த மனுஷனுக்கு நாம் இருந்தாலும் ஒன்றுதான் போனாலும் ஒன்றுதானோ என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அவனிடம் கேட்க ரோஷம் விடவில்லை.

சரி, சோதனை வகுப்பில் ஜெயித்துவிட்டால் போயிற்று என்று மும்முரமாக இறங்கினாள். தன் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தாள். லேப்டாப்பில் பிள்ளைகளின் முகம் தெரியும், குரல் கேட்கும். ஆனால் அதன் கேமரா என்றைக்கோ குருடாகிவிட்டது. அதனால் பெரிய போனை மூங்கில் குச்சியில் கட்டி நிறுத்தி அதைக் கேமராவாக்கினாள். டேப்லெட்தான் எழுதும் பலகை. பாடத்துக்கான படங்களையும் அதில்தான் வரைந்து வைத்திருந்தாள். இவை எல்லாவற்றுக்கும் நெட் கொடுப்பது சன்னல் போன். அந்த வீட்டில் பின்பக்கச் சன்னலில் மட்டும்தான் சிக்னல் நின்று பேசும். அங்கே கம்பியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டி, அதற்குள் அந்தப் போனை வைத்திருப்பாள். பேரே அதற்குச் சன்னல் போன் என்று ஆகிவிட்டது.

வியாழக்கிழமை அந்த டப்பா காலியாக இருந்தது.

மாதேஷைக் கேட்டாள். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக் குப்பனூருக்குப் போன பிக்கப் டிரைவருக்குப் போன் ரிப்பேராம், அவசரத்துக்கு வாங்கிப் போயிருக்கிறான், நாளைக்கு வந்துவிடும் என்றான். என்னைக் கேட்காமல் என் சாமானைக் கொடுப்பீர்களா என்று அவள் குதித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டான். வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கேட்டதற்கு, டிரைவர் இன்னும் மலையேறவில்லை என்றான். அவன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதைப் பதற்றத்தில் அவளும் கவனிக்கவில்லை.

சும்மா உட்கார்ந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மாவு தீர்ந்திருந்தது. அரைக்கக் கொடுப்பதற்காவது ராகியை அளந்து வைப்போம் என்று சமையல்கட்டு மூலையிலிருந்த நீல டிரம்மைத் திறந்து படியை உள்ளே விட்டாள். படி எதிலோ இடித்து 'டக்' என்றது.

கையை விட்டு இழுத்தாள். சன்னல் போன்.

அது போன் மாதிரியே இல்லை. உடம்பெல்லாம் காய்ந்த பிசுக்கு. அதில் ஒட்டிக்கொண்டு ராகி, ராகி, எங்கு பார்த்தாலும் ராகி. சார்ஜர் சொருகும் ஓட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு ராகி. ஹெட்செட் ஓட்டையிலும் ராகி. சார்ஜர் ஓட்டையின் வாயில் இருந்த ஒரு மணி அடுப்புச் சூட்டிலும் ஈரத்திலும் முளைவிட்டு, வெள்ளையாக ஒரு வேரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காப்பிப் பழக் கூடையோடு உள்ளே வந்த மாதேஷ் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க" என்றாள் வெண்ணிலா.

"ம்."

"டிரைவரு எப்பங்க நம்ம டிரம்முக்குள்ள எறங்குனாரு?"

மாதேஷ் கூடையைக் கீழே வைத்தான். அதற்குமேல் அவனால் பொய் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் அவனுடைய பட்டன் போனில் சார்ஜ் இல்லை. பழம் பறிக்கிற ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஒரு நிமிஷம்தானே என்று சன்னல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவன், பழத்தோல் உரிக்கும் மிஷின் தொட்டியில் குனிந்திருக்கிறான். போன் வழுக்கி, பழச்சாறு கொழகொழவென்று கிடந்த தொட்டிக்குள் விழுந்துவிட்டது. துழாவி எடுத்துத் துடைத்தால் உயிர் இல்லை. நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் சரியாகும் என்று பஸ்ஸில் யாரோ பேசக் கேட்டிருக்கிறான். ஆனால் அரிசி டப்பாவை அவள் தினமும் திறப்பாள். ராகி டிரம் என்றால் வாரத்துக்கு ஒருமுறைதான். அரிசி என்ன ராகி என்ன, எல்லாம் தானியம்தானே என்று கழுத்துவரை புதைத்து வைத்துவிட்டான். அரிசியாக இருந்தால் ஓட்டைக்குள் நுழையாது. ராகிக்கு அந்த ஓட்டை அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

அவள் திட்டியிருந்தால் மாதேஷுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ போனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. போன் போனதற்காக அல்ல. சாயங்கால வகுப்பு போனால் சேலம்தான், வேறு வழியில்லை என்பதற்காக. மாதேஷ் ஆறுதல் சொல்லத் தெரியாமல், காப்பிக்கு அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனான்.

அழுதது போதும் என்று அவளே எழுந்தாள். ஊக்கு முனையால் குத்திக் குத்தி சிம்மை வெளியே எடுத்தாள். துடைத்துப் பெரிய போனில் போட்டதும் சிக்னல் வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் இப்போது பெரிய போன்தான் சன்னலுக்குப் போக வேண்டும். கேமராவுக்கு ஆள் இல்லை. சரி, டேப்லெட் கேமராவாகட்டும். அப்படியானால் எழுதும் பலகை இல்லை, வரைந்து வைத்த படங்களும் இல்லை. ஒருவன் விடுப்பு எடுத்தால் மொத்த ஆபீஸும் இடம் மாறி உட்கார வேண்டியதாகிறதே, அந்தக் கதைதான். மிச்சம் இருந்தது அவள் முகமும் இரண்டு கையும்.

சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. பிள்ளைகள் இருக்கும் ஜெர்மனியில் அப்போது மத்தியானம். திரையில் நாலு கட்டங்கள். மூன்றில் பிள்ளைகள், நாலாவது கறுப்பாக இருந்தது. அதில் வள்ளி என்று பெயர் மட்டும் தெரிந்தது. இதைத் தவிர, மையத்தின் மேற்பார்வையாளரான அம்மாள் சென்னையிலிருந்து முகம் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வள்ளியைப் பற்றி அவர் முன்பே எச்சரித்திருந்தார். வீட்டில் பேசுவதெல்லாம் புரியும், ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. ஏற்கெனவே இரண்டு டீச்சர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

வெண்ணிலா ஒரு காகிதத்தில் பலாப்பழம் வரைந்து காட்டினாள். அவசரத்தில் வரைந்தது. ஒரு பையன் முள்ளம்பன்றியா என்று இங்கிலீஷில் கேட்டான். ஆரஞ்சைக் காட்டினாள், இங்கிலீஷில் பதில் வந்தது. தமிழில் சொல்லுங்கள் என்றால் சிரித்தார்கள். கறுப்புக் கட்டம் கறுப்பாகவே இருந்தது. நடுவில் குரல் விட்டுவிட்டு வந்தது. பாதி நேரம் ஓடிவிட்டது, இது தேறாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு சிறுமி, மேஜை மேல் அது என்ன என்று கேட்டாள். டேப்லெட்டைப் புத்தகங்கள் மேல் சாய்த்து வைத்ததில், தட்டில் கிடந்த சன்னல் போனும் கூடவே தெரிந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் வெண்ணிலாவின் கை முதலில் போனது. போகிற கையை நிறுத்தி, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தட்டைத் தூக்கி கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"தமிழ்ல கேளுங்க கண்ணு, சொல்றேன்."

பிள்ளைகள் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டார்கள். "அது... போன்?" என்றது ஒன்று. "போன்ல என்ன?" என்றது இன்னொன்று. ராகி என்றாள். ராகி, ராகி என்று மூன்று வாய்களும் சொல்லிப் பார்த்தன. முளைவிட்ட மணியைக் காட்டினாள். வேர் என்றாள். போனில் செடி வருமா என்று ஒரு பையன் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டான். தண்ணீர் ஊற்றினால் வரும், ஆனால் பேச முடியாது என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊசியை எடுத்து, ஓட்டையிலிருந்து ஒவ்வொரு மணியாக நெம்பித் தட்டில் போட்டாள். அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள், தமிழில். எட்டுக்கு அப்புறம் பத்துக்குத் தாவியவனை மற்ற இருவரும் பிடித்துத் திருத்தினார்கள். தான் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே வெண்ணிலாவுக்கு மறந்துபோயிற்று.

இதை ராகிக்குள் போட்டது யார் என்று கேள்வி வந்தது. மாமா என்றாள். மாமாவைக் கூப்பிடுங்கள் என்று மூன்று பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். சமையல்கட்டுச் சுவரோரம் மூச்சுக்கூட விடாமல் நின்றிருந்த மாதேஷ் வரமாட்டேன் என்று கையை ஆட்டினான். அவள் விடவில்லை. காப்பிக் கறை படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, குச்சி மாதிரி விறைப்பாக நின்று, "வணக்கமுங்க" என்றான் அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்து.

"மாமா, ஏன் மிஸ்கிட்ட சொல்லலை?"

"பயமுங்க."

"மிஸ் அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க சாமி. அழுவாங்க. அதான் பயம்."

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கறுப்புக் கட்டத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"நான்கூட... ஒளிச்சு வெச்சேன்."

வெண்ணிலா தட்டைக் கீழே வைத்தாள். அவசரப்பட்டால் அந்தக் குரல் ஓடிவிடும் என்று பயந்து மெதுவாகக் கேட்டாள். "என்னத்தக் கண்ணு?"

"அப்பா கேமரா. கீழ விழுந்துச்சு. ஒடஞ்சிடுச்சு. என் கட்டில் அடியில இருக்கு." இன்னும் மெதுவாக, "அம்மாவுக்குத் தெரியாது" என்றது குரல்.

கட்டம் வெளிச்சமானது. ரெட்டைப் பின்னல், அழுகைக்குத் தயாராக இருந்த ஒரு முகம். அவளுக்குப் பின்னால் கதவு திறந்து அவள் அம்மா ஓடிவந்தாள். கேமரா உடைந்ததைக் கேட்டு ஓடிவந்தாளா, மகள் தமிழ் பேசியதைக் கேட்டு ஓடிவந்தாளா தெரியாது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலையில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். போகட்டும் விடு, போகட்டும் விடு என்று அவள் சொல்வது இங்கே கரடியூர் வரைக்கும் கேட்டது. அதோடு நேரமும் முடிந்தது.

மேற்பார்வை அம்மாள் உடனே கூப்பிட்டுவிட்டார். டேப்லெட்டில் எழுதிக்காட்டுவதாகச் சொன்னீர்களே, ஏன் செய்யவில்லை என்றுதான் முதலில் கேட்டார். வெண்ணிலா ஒன்றையும் மறைக்காமல் எது எது எங்கே எப்படி மாறியது என்று சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. வள்ளியின் அம்மா இந்த டீச்சர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பொங்கல் கழிந்து மூன்று வகுப்புகள் தருகிறோம், ஆனால் நெட்டுக்கு இன்னொரு வழியும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும் என்றார். இருக்குமுங்க என்றாள். கூரைமேல் ஏற்றுகிற ஆன்டெனா ஒன்றை நவாஸ் சொல்லிக்கொண்டே இருந்தான், அதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று அவள் மனசு அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாதேஷ் சிதறிக் கிடந்த ராகியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"சேலத்துக்குப் போவலீங்க. இங்கயே வேல கெடச்சிருச்சு."

அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தவன் வாயிலிருந்து, இத்தனை வாரமாக வராத சொல் அப்போதுதான் வந்தது.

"போவாத வெண்ணிலா."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "அதான் போவலன்னு சொல்றனுங்களே. இத முன்னாலயே சொல்றதுக்கு என்னங்க? நான் போனா உங்களுக்கு ஒண்ணுமில்லயாக்குமுன்னு எத்தன நாளு நெனச்சு நெனச்சு வெந்துட்டிருந்தேன்."

"சொல்லியிருந்தா நீ நின்னிருப்ப" என்றான் மாதேஷ். "எனக்காவ நின்னுட்டு, படிச்ச படிப்பு வீணாப்போச்சேன்னு ஆயுசு பூரா உள்ளுக்குள்ளயே அழுதிருப்ப. அத நான் எப்படிப் பாத்துட்டு இருக்கறது?"

வெண்ணிலா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாதேஷ் பொறுக்கிய ராகியைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை தண்ணீர் வைக்க எழுந்து போகவில்லை.